பழைய தபால் ஆபீஸ் தெருவில் பதுங்குகுழி

ஏரிக்கோடியில் பழைய தபால் ஆபீஸ் தெருவை மறுபடியும் தோண்டிப் போட்டுவிட்டார்கள் என்றுதான் அன்று காலையில் கதவைத் திறந்த எல்லோரும் நினைத்தார்கள், நினைத்து, தலையில் அடித்துக்கொண்டு, பல் விளக்கப் போனார்கள். ஏனென்றால் அந்த வருஷத்தில் மட்டும் குடிநீர்க் குழாய்க்கென்று அந்தத் தெருவை வெட்டினார்கள், மூடினார்கள், போன் கேபிளுக்கென்று வெட்டினார்கள், மூடினார்கள், பாதாளச் சாக்கடைக்கென்று வெட்டி, மூட மறந்து, ஒரு ஸ்கூட்டர்காரர் வண்டியோடு உள்ளே போன பிறகு நினைவு வந்து மூடினார்கள். ஆகவே ஆள் உயரத்துக்கு மேல் ஆழமாக, இரண்டு பக்கமும் மணல் மூட்டை அடுக்கி, அடியில் பலகை பாவி, தபால் ஆபீஸ் முனையிலிருந்து மெயின் ரோட்டுப் பம்ப் ஹவுஸ் வரைக்கும் ஒரே இரவில் கிடந்த அந்தப் பள்ளம் யாருக்கும் அதிசயமாகப் படவில்லை. கோணல்மாணலாக வெட்டியிருப்பதுதான் கொஞ்சம் உறுத்தியது. அந்தக் கோணல்களில் மிகப் பெரியது சரியாகப் பூங்காவனத்தின் மாவு மில் வாசலில் விழுந்திருந்தது.

"நேரா தோண்டக்கூடத் தெரியாதவனுக்கெல்லாம் வேலை குடுத்தா இப்படித்தான்" என்றாள் பூங்காவனம். மில்லுக்கு வருகிறவர்கள் அரிசித் தூக்கோடும் மிளகாய்ப் பையோடும் எதிர்ச் சாரியில் நின்று பள்ளத்தைப் பார்த்துவிட்டு, பஜார் மில்லுக்குத் திரும்பிப் போவது அவள் கண் முன்னாலேயே நடந்தது. அவள் வீட்டுக்காரர் சம்பந்தம், எதற்கும் சொல்வதைப் போலவே, "பாத்துக்கலாம்" என்றார். முப்பது வருஷமாக அவர் பார்த்துக்கொண்டிருந்ததில் எதுவும் சரியானதில்லை என்பது அவளுக்குத் தெரியும். அதனால் அவளே வாசலில் மண்டியிட்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். கீழே யாரோ இருமிக்கொண்டிருந்தார்கள்.

"யாருப்பா உள்ள? கான்ட்ராக்டர் ஆளா?"

"பட்டாளத்து ஆளும்மா" என்றது குரல். சேறு அப்பிய ஒரு முகம் மேலே பார்த்தது. காக்கி உடுப்பு, காலில் சுற்றிய துணிப்பட்டை, தோளில் நீளமான துப்பாக்கி. அவனுக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தன் வெள்ளைக்காரன், செம்பட்டை மீசை வைத்திருந்தான். "ஆற்காட்டுப் பக்கம்மா எனக்கு. பேரு வரதப்பன். குடிக்கத் தண்ணி இருக்குதா?"

"தண்ணி இருக்கட்டும். எப்ப மூடுவீங்க இத?"

"சண்டை முடிஞ்சதும் மூடிடுவோம்மா."

"இன்னா சண்டை? கவுன்சிலருக்கும் கான்ட்ராக்டருக்குமா?"

"ஜெர்மன்காரனோடம்மா."

பூங்காவனம் எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டு உள்ளே போய், "இந்த வாட்டி ஜெர்மன் கம்பெனியோட ஏதோ தகராறாம், இப்போதைக்கு மூட மாட்டான்" என்று சம்பந்தத்திடம் சொல்லிவிட்டு, ஒரு குடம் தண்ணீரைக் கயிறு கட்டி இறக்கினாள்.

அது சாக்கடைப் பள்ளம் இல்லை, நூறு வருஷத்துக்கு முன்னால் உலகமெல்லாம் சண்டை போட்டபோது தூர தேசத்தில் வெட்டிய பதுங்குகுழி என்பது அந்த வாரக் கடைசியில் தெரிந்தது. காலேஜில் சரித்திரம் நடத்தும் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, கண் கலங்கி, இதுதான் உலக வரலாறே திரும்பிய இடம், ராஜ்ஜியங்கள் சரிந்ததும் எல்லைக் கோடுகள் மாறியதும் இதற்குள்ளிருந்துதான் என்று கூட்டத்துக்கு விளக்கினார். "திரும்பட்டும் சார், நான் வேணாம்னா சொன்னேன்" என்றாள் பூங்காவனம். "என் மில்லு வாசல்லதான் திரும்பணுமா?"

கொஞ்ச நாள் பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள், போட்டோ எடுத்தார்கள், சுண்டல் விற்றார்கள். பிறகு வருவது நின்றுபோனது. நின்றதும் பழைய தபால் ஆபீஸ் தெரு தன் பாட்டில் பதுங்குகுழியோடு குடும்பம் நடத்தத் தொடங்கியது. டீக்கடை சுலைமான் பாய் வாளியில் டீயை இறக்கி, காலி கிளாஸ்களை ஏற்றிக்கொண்டார். மணல் மூட்டைகளின் மேல் பெண்கள் வடாம் காயவைத்தார்கள், முள்கம்பியில் பாவாடைகளை உலர்த்தினார்கள். தெருப் பூனைகள் கீழே இருந்த முயல் அளவு எலிகளைத் தின்று கொழுத்து நடக்க முடியாமல் படுத்துக் கிடந்தன. ஒரு நாள் பசு மாடு ஒன்று தவறி உள்ளே விழுந்தபோது பட்டாளத்துக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து தூக்கிக் கொடுத்துவிட்டார்கள், மாட்டுக்காரர் நன்றிகூடச் சொல்லாமல், "மூடி வெச்சிருந்தா விழுமா?" என்று திட்டிக்கொண்டே ஓட்டிப் போனார். குழிக்குள் அவர்களுக்கென்று தனியாக ஒரு வானிலை இருந்தது. மேலே புரட்டாசி வெயில் கொளுத்தும்போது கீழே பனி விழுந்தது, அந்தக் குளிரில் தக்காளியும் பாலும் கெடுவதில்லை என்று கண்டுகொண்ட எதிர்வீட்டார் கரண்ட் போன நாட்களில் கூடையைக் கீழே இறக்கி வைத்தார்கள். கல்யாண மண்டபத்தில் வெடி போட்டால் மட்டும் செம்பட்டை மீசைக்காரன் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு வீறிட்டு அலறுவான். தெருக்காரர்கள் மண்டபத்தில் போய், வெடி வேண்டாம் என்று கேட்டுப் பார்த்தார்கள். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் எந்த ஊரில் கேட்டிருக்கிறார்கள்?

பூங்காவனம் ஒருத்திதான் பழகிக்கொள்ள மறுத்தாள். கவுன்சிலர் தாமோதரனிடம் போனாள். நகராட்சி தோண்டாத பள்ளத்தை நகராட்சி மூட முடியாது, ஆடிட்டில் மாட்டிக்கொள்வோம் என்று அவர் சொன்னார். ராணுவத்தில் கேட்டதற்கு அது நம் ராணுவம் இல்லை, அப்போது வெள்ளைக்காரன் ராணுவம் என்று பதில் வந்தது. வெள்ளைக்காரனிடமிருந்து எந்தப் பதிலும் வரவில்லை. திங்கட்கிழமைதோறும் அவள் பஸ் பிடித்துக் கலெக்டர் ஆபீசுக்குப் போய் வரிசையில் நின்றாள். "உள்ள ஆளுங்க வேற இருக்காங்க சார், சளி புடிச்சு இருமறாங்க" என்று ஒருமுறை சொன்னாள். ஒரு மனுவில் ஒரு கோரிக்கைதான் இருக்க வேண்டும், பள்ளமா, ஆளா, ஏதாவது ஒன்றைச் சொல்லும்மா என்று மேஜைக்குப் பின்னால் இருந்தவர் எரிந்து விழுந்தார். "பள்ளம்" என்றாள் பூங்காவனம்.

வீட்டுக்கு வந்தால் அந்த இருமல். மில் ஓடாத மத்தியானங்களில் அது சாமான் அறை வரைக்கும் கேட்டது. "வாசல்ல பத்துப் பேரு பட்டினியா இருமிக்கினு இருந்தா எனக்கு எப்படிச் சோறு எறங்கும்?" என்று சம்பந்தத்தைத் திட்டிக்கொண்டே, தள்ளுபடியான அரிசிக் குருணையில் மிளகு தட்டிப்போட்டுக் கஞ்சி காய்ச்சி இறக்கினாள். திட்டிக்கொண்டே சமைத்தாள், திட்டிக்கொண்டே இறக்கினாள், உப்புப் போதுமா என்றும் திட்டுகிற குரலிலேயே கேட்டாள். வரதப்பன் போதும் என்பான். செம்பட்டை மீசைக்காரன் தொன்னையை வழித்துத் தின்றுவிட்டு நெஞ்சில் கை வைத்துக் குனிவான்.

ஒருநாள் சாயங்காலம் சுலைமான் பாய்தான் பேச்சை எடுத்தார். "ஏம்பா வரதப்பா, உங்க சண்டை எப்பவோ முடிஞ்சுபோச்சு. எங்க தாத்தா காலத்துலயே முடிஞ்சுபோச்சு. மேல வாங்க, வந்து வேற பொழப்பப் பாருங்க."

வரதப்பன் மேலே பார்த்தான். "நெசமாவா பாய்? யாரு ஜெயிச்சாங்க?"

"வெள்ளக்காரன். அப்புறம் அவனும் மூட்டையக் கட்டினு போயிட்டான். இப்ப நம்ம ஊரு நம்மளுது."

கீழே இருந்தவர்களிடம் வரதப்பன் அதைச் சொன்னான். செம்பட்டை மீசைக்காரனுக்குக் கையாலும் சில இங்கிலீஷ் சொற்களாலும் சொன்னான். எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஒருத்தன் சிரித்தான், ஒருத்தன் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதான். வரதப்பன் குழிச் சுவரில் சாத்தியிருந்த ஏணியில் கால் வைத்து, ஏறாமல் நின்று, கேட்டான். "இதுதான் கடைசிச் சண்டை, இதுக்கப்புறம் உலகத்துல எங்கியும் சண்டையே இருக்காதுன்னு சொல்லித்தான் எங்களக் கூட்டினு வந்தாங்க. அப்படின்னா அதுக்கப்புறம் சண்டை இல்ல, இல்லியா?"

டீக்கடையில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சுலைமான் பாய் அடுப்பைக் கிளறப் போனார். ஒருத்தரும் வாயைத் திறக்காததில் பூங்காவனத்துக்குக் கோபம் கோபமாக வந்தது.

"இருக்குது" என்றாள். "உங்களதவிடப் பெருசா ஒண்ணு வந்துச்சு. அதுக்கப்புறம் கணக்கு வழக்கே இல்ல. பக்கத்துலயே, கடலத் தாண்டி, நம்ம ஜனங்களே குழி வெட்டி உள்ள கெடந்தாங்க. இன்னிக்கும் நடக்குது. சாப்பிடறப்ப டிவியத் தொறந்தா அதான்."

 வரதப்பன் ஏணியிலிருந்து காலை எடுத்துவிட்டான். "அப்ப முடிஞ்சதுன்னு எப்படிம்மா சொல்றீங்க? முடிஞ்சா சொல்லி அனுப்பறேன், அதுவரைக்கும் யாரும் மேல ஏறக்கூடாதுன்னு சொல்லிட்டுத்தான் எங்க துரை போனாரு." அவன் உட்கார்ந்து, குச்சியால் பூட்ஸ் சேற்றைச் சுரண்டத் தொடங்கினான். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். பூங்காவனம் வீட்டுக்குள் போய்க் கதவை அறைந்து சாத்தினாள். யார் மேல் கோபம் என்று அவளுக்கே விளங்கவில்லை.

ஐப்பசியில் அவள் மகள் குமுதா பிரசவத்துக்கு வந்திருந்தாள். டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் நாள் இருந்தது. ஆனால் ஏரி நிரம்பி வழிந்த ஒரு மழைநாள் காலையில், பள்ளத்தின் இரண்டு பக்கமும் விட்டிருந்த நடைபாதை மண் கரைந்து சரிந்து, தெருவில் இடுப்பளவு தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்து, வலி எடுத்துவிட்டது. ஆம்புலன்ஸ் பம்ப் ஹவுஸ் பக்கம் வந்து நின்று சைரன் போட்டது, அதற்கு மேல் வர வழி இல்லை. "பாத்துக்கலாம்" என்று சம்பந்தம் தொடங்கியதும், "இன்னொரு வாட்டி அந்த வார்த்தையச் சொன்னீங்கன்னா உங்கள இந்தத் தண்ணியில தள்ளிடுவேன்" என்றாள் பூங்காவனம்.

அப்போது கீழேயிருந்து வரதப்பன் கூப்பிட்டான். "அம்மா, பொண்ண எறக்குங்க. நாங்க தூக்கினு போறோம். எங்களுக்கு இது பழக்கம்."

மேலே அத்தனை வெள்ளம் போனாலும் குழிக்குள் ஒரு சொட்டு இறங்கவில்லை. அங்கே காய்ந்த குளிர் அடித்தது. இரண்டு கழிகளுக்கு நடுவே கித்தான் கட்டிய படுக்கையில் குமுதாவை வைத்து, முன்னால் வரதப்பனும் பின்னால் செம்பட்டை மீசைக்காரனும் தூக்கிக்கொண்டு ஓட, பூங்காவனம் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முதல்முறையாக அந்தக் குழிக்குள் நடந்தாள். மேலே நடந்தால் வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் வந்துவிடுகிற தூரம், உள்ளே நீண்டுகொண்டே போனது. மண்ணில் புதைந்துபோன யாரோ ஒருவனின் கை சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தது, போகிறவர்கள் எல்லோரும் அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள், அவளும் தொட்டாள். கொஞ்ச தூரத்தில் பக்கவாட்டில் இன்னொரு குழி பிரிந்து போனது, அதைத் தாண்டி இன்னொன்று, அதற்கப்பால் இன்னொன்று. ஒன்றுக்குள்ளிருந்து குதிரைகளின் கனைப்பு வந்தது. ஒன்றில் பனி மூடிய ஒரு நகரமே எரிகிற வெளிச்சம் தெரிந்தது. ஒன்றின் வாசலில் பனங்குற்றிகள் அடுக்கியிருந்தன, உள்ளே ஒரு பெண் தன் பிள்ளையைத் தமிழில், பேர் சொல்லிச் சொல்லி, கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். பூங்காவனம் நின்றுவிட்டாள்.

"இதெல்லாம் எங்க போவுது வரதப்பா?"

"எங்களுக்கும் தெரியாதும்மா. நாங்க வெட்டனது இந்த ஒண்ணுதான்" என்றான் அவன், மூச்சு வாங்க, நிற்காமல். "அதுங்கள நாங்க வெட்டல. இதுலேருந்து அதுவா கெளை விட்டுக்கினே போவுது. மண்ணு நகர்ற சத்தம் கேட்டுக்கினே இருக்கும். வாங்கம்மா, நிக்காதீங்க, பொண்ணு வலி தாங்கல."

அவள் ஓடினாள். ஆனால் அந்தக் குரல் முதுகில் ஒட்டிக்கொண்டு கூடவே வந்தது.

பம்ப் ஹவுஸ் முனையில் ஆம்புலன்ஸுக்குத் தூக்கிக் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் குமுதாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தெரு முழுவதும் சர்க்கரை கொடுத்தார்கள், வாளியில் கீழேயும் இறக்கினார்கள். அதற்குப் பிறகு பூங்காவனம் திங்கட்கிழமைகளில் பஸ் ஏறவில்லை. கஞ்சிக்குக் குருணை போடுவதை நிறுத்திவிட்டு நல்ல அரிசியே போட்டாள், திட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை.

கார்த்திகை முடியும்போது ஒரு காலையில் வரிசையாக டிப்பர் லாரிகள் வந்து நின்றன. கிராவல் மண் மலை மாதிரி ஏற்றியிருந்தது. மஞ்சள் ஹெல்மெட் போட்ட இளம் இன்ஜினியர் அம்மா ஒருத்தி இறங்கி, சிரித்த முகத்தோடு, "பூங்காவனம் நீங்கதானே? உங்க மனு சேங்ஷன் ஆயிடுச்சு. இன்னிக்கே மூடிடறோம்" என்றாள். சாயங்காலத்துக்குள் தெரு சமமாகிவிடும். மில் வாசலுக்கு வண்டி வரும். இத்தனை மாதம் கால் கடுக்க நின்று கேட்டது இதைத்தான்.

"உள்ள ஆளுங்க இருக்காங்கம்மா" என்றாள் பூங்காவனம்.

இன்ஜினியர் எட்டிப் பார்த்தாள். பார்த்தது அவள் முகத்தில் தெரிந்தது. "நீங்க பள்ளம்னுதானே கேட்டிருக்கீங்க" என்றாள் மெதுவாக. "ஆளுங்களப் பத்தி எதுவுமே இல்ல. லாரிங்க இன்னிக்கி ஒரு நாளுக்குத்தான். நாளைக்கு மந்திரி வராரு. நான் இன்னா பண்ணட்டும்?"

"நீ ஒண்ணும் பண்ணாத. நில்லு."

பூங்காவனம் ஏணியைப் பிடித்துக் கீழே இறங்கினாள். வரதப்பனும் மற்றவர்களும் லாரிச் சத்தம் கேட்டுத் துப்பாக்கியோடு எழுந்து நின்றார்கள். அவர்களைப் பார்த்ததும் இத்தனை மாத எரிச்சலும், கலெக்டர் ஆபீஸ் வரிசையும், ஓடாத மில்லும், பிள்ளையைக் கூப்பிட்ட அந்தப் பெண்ணின் குரலும், எல்லாம் ஒன்றாகத் திரண்டு அவள் குரலில் ஏறியது.

"ஏறுங்க மேல" என்றாள். "மண்ணு கொட்டப் போறான்."

"உத்தரவு இல்லியேம்மா. சண்டை முடிஞ்சாதானே..."

"முடியல!" என்று கத்தினாள் பூங்காவனம். மேலே நின்ற லாரி டிரைவர்கள் இஞ்சினை அணைத்துவிட்டுப் பார்த்தார்கள். "முடியல, முடியவும் முடியாது. நீங்களும் நூறு வருஷமாப் பாக்கறீங்க, நானும் டிவில பாக்கறேன். அது பாட்டுக்குக் கெளை விட்டுக்கினு போவுது. முடிஞ்சாத்தான் ஏறுவோம்னு இருந்தா எவனும் எந்தக் காலத்துலயும் ஏற முடியாது. முடியலன்னுதான்டா ஏறச் சொல்றேன். அது இருந்துட்டுப் போவட்டும், நீங்க வாங்க. எனக்கு அரைக்க மாவு கெடக்குது, குழந்தைக்குத் தண்ணி ஊத்தணும், உங்களுக்கு எத்தனை வருஷந்தான் நான் கயித்துல கஞ்சி எறக்கறது? அந்தத் துரை வர மாட்டான். அவன் செத்துட்டான். நான் சொல்றேன். ஏறுங்க."

 பிறகு செம்பட்டை மீசைக்காரன், அவள் பேசியதில் ஒரு சொல்லும் புரிந்திருக்க நியாயமில்லாதவன், துப்பாக்கியைச் சுவரில் சாய்த்து வைத்தான், அவளைத் தாண்டிப் போய் ஏணியில் கால் வைத்தான், ஏறினான். மேலே வெயிலில் போய் நின்று கண்ணைச் சுருக்கிக்கொண்டான். மறையவில்லை, கரையவில்லை, தெருவில் நின்றான், சுலைமான் பாய் அவன் கையில் ஒரு கிளாஸைக் கொடுத்தார். அவனுக்குப் பின்னால் ஒவ்வொருத்தராக ஏறினார்கள்.

வரதப்பன் மட்டும் நின்றான். அவன் முகத்தில் இதற்கு முன் அவள் பார்த்திராத ஒரு கலக்கம் இருந்தது. "முடியாமலே ஏறலாமாம்மா?"

"ஏறலாம்."

"அப்ப அவங்களுக்கும் தெரியாதும்மா" என்றான். "அந்தக் கெளையில இருக்கறவங்க. யாரும் போயிச் சொல்லியிருக்க மாட்டாங்க." துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு அவன் திரும்பி ஓடினான், வளைவைத் தாண்டி, அந்தக் கை நீட்டிய சுவரைத் தாண்டி, பூட்ஸ் சத்தம் தேய்ந்து போகும் வரைக்கும் ஓடினான்.

பூங்காவனம் மேலே வந்து இன்ஜினியரிடம், இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள், காத்திரு என்றாள். எவ்வளவு நேரம் என்று கேட்டதற்கு, எனக்கென்ன தெரியும் என்றாள். இன்ஜினியர் ஹெல்மெட்டைக் கழற்றி ஒரு மணல் மூட்டையின் மேல் உட்கார்ந்து, யாருக்கோ போன் போட்டு, லாரி ரிப்பேர் என்று பொய் சொன்னாள். கவுன்சிலர் தாமோதரன் வந்து சத்தம் போட்டார், யாரும் பதில் சொல்லாததால் போய்விட்டார். வெயில் மத்தியானத்தைத் தாண்டியது.

முதலில் வந்தவன் வேறு நிற உடுப்புப் போட்டிருந்தான், வேறு விதத் தொப்பி. அவனும் பின்னால் வந்தவனும் ஒருத்தரையொருத்தர் சுடத்தான் உட்கார்ந்திருந்தார்களோ என்னவோ, ஒருத்தன் கையை ஒருத்தன் பிடித்துத்தான் ஏறினார்கள். அவர்களுக்குப் பின்னால் பனி ஒட்டிய கோட்டுக்காரர்கள், அவர்களுக்குப் பின்னால் காட்டு இலையைத் தலையில் செருகியவர்கள், பிறகு பட்டாளத்தைச் சேராதவர்கள், தலையணை தூக்கியவர்கள், தையல் மிஷின் தூக்கியவர்கள், தலை நரைத்தவர்களை முதுகில் சுமந்தவர்கள், செருப்பில்லாதவர்கள், ஒருத்தர் பேசுவது ஒருத்தருக்குப் புரியாதவர்கள். தபால் ஆபீஸ் முனை நிரம்பியது, கல்யாண மண்டபத்தைத் திறந்துவிட்டார்கள், அது நிரம்பியது, பள்ளிக்கூடத்துக்கு ஆள் அனுப்பினார்கள். வரிசை வளைவைத் தாண்டி உள்ளே போய்க்கொண்டே இருந்தது, அதன் முடிவு தெரியவில்லை. எங்கோ உள்ளே வரதப்பன் குரல், "ஏறலாம், ஏறலாம், முடிய வேணாம், ஏறலாம்" என்று கூவிக்கொண்டிருப்பது மெலிதாகக் கேட்டது.

"அடக் கடவுளே" என்றாள் பூங்காவனம். இத்தனை பேருக்கு எங்கே போய் உலை வைப்பது, யார் வீட்டில் இத்தனை பாய் இருக்கிறது, நாளைக்கு மந்திரி வந்தால் என்ன சொல்வது? அவள் சம்பந்தத்தைத் திரும்பிப் பார்த்தாள். அவர் வாயைத் திறந்தார், அவள் பார்வையைப் பார்த்து மூடிக்கொண்டார், உள்ளே போய், ஒரு ஆளாகத் தூக்க முடியாத பெரிய அண்டாவை இழுத்துக்கொண்டு வந்தார்.

ஏணிக்குக் கீழே ஒரு பெண் நின்றாள். எந்தத் தேசமோ, என்ன பாஷையோ, புழுதியில் முகமே தெரியவில்லை. அவள் தான் ஏறாமல், இடுப்பிலிருந்த குழந்தையை முதலில் தூக்கி நீட்டினாள். பூங்காவனம் குனிந்து வாங்கினாள். கனத்தது, நனைந்திருந்தது, அவள் கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. அதை இடுப்பில் வைத்துக்கொண்டு மறு கையைக் கீழே நீட்டி, "ம், சீக்கிரம் ஏறு, இன்னும் எத்தனை பேரு நிக்கறாங்க பாரு" என்று எரிந்து விழுந்தாள்.